ஒரே எடை, வேறு வேறு ஆபத்து: குழந்தைகளின் ஊட்டக்குறைவை அறிய எந்தக் குறிகாட்டி எதற்கு?

23 மாத ஆண் குழந்தைகள் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் எடை 9.3 கிலோ. ஒருவனின் நீளம் 80 செ.மீ., மற்றவனின் நீளம் 87 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி அந்த வயது ஆண் குழந்தைக்கு எடையின் கீழ் எல்லை 9.5 கிலோ. ஆகவே எடையை மட்டும் எழுதும் பதிவேட்டில் இருவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள்: மிதமான எடைக்குறைவு.

நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமையே வேறு. 80 செ.மீ. பையன் வயதுக்குக் குட்டை, அதற்கான எல்லை 81.0. ஆனால் அவன் உடலுக்கு எடை போதும். அந்த நீளத்தில் 8.9 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் மெலிவு. 87 செ.மீ. பையனிடம் உயரக் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த நீளத்தில் 9.6 கிலோவுக்குக் கீழே இருந்தாலே கடும் மெலிவு. அவனுக்கு இந்த வாரமே சிகிச்சை தொடங்க வேண்டும். ஒரே எண்ணை வைத்து இருவருக்கும் ஒரே சத்துமாவுப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினால், அபாயத்தில் இருப்பவன் கண்ணில் படாமல் போகிறான்.

தராசில் தெரியும் எடை வெறும் அளவு. அதை ஆரோக்கியமான குழந்தைகளின் அளவோடு ஒப்பிட்டு, ஓர் எல்லை வகுத்து, எல்லையைத் தாண்டினால் என்ன செய்வது என்றும் முடிவு செய்த பிறகுதான் அது குறிகாட்டி ஆகிறது. குழந்தை மருத்துவர், அங்கன்வாடிப் பணியாளர், பொருளியலாளர், நிவாரணக் குழுவினர் ஆகியோர் தராசையும் அளவுப் பலகையையும் பொதுவாக வைத்துக்கொண்டு வேறு வேறு குறிகாட்டிகளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் வேறு வேறாக இருப்பதுதான்.

ஒப்பிடும் அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை. “நம் பிள்ளைகள் இயல்பாகவே சிறுகூடு, வெளிநாட்டு அளவு நமக்கு எதற்கு?” என்று பலர் கேட்பதுண்டு. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்துதான் அந்த அட்டவணை உருவானது. சூழல் நன்றாக இருந்தபோது ஆறு நாட்டுக் குழந்தைகளின் நீளமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. டெல்லிக் குழந்தைகளும் அதில் அடக்கம்.

குழந்தைகளின் அளவுகள் நடு அளவைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்வது திட்ட விலக்கம். அட்டவணையில் நடு அளவிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே போனால் மைனஸ் 2 என்பார்கள். அது குறைபாட்டின் எல்லை. மூன்று விலக்கம் கீழே போனால் மைனஸ் 3. அது கடும் குறைபாடு.

வயதுக்கேற்ற எடை

ஒரு தராசும் பிறந்த தேதியும் இருந்தால் போதும் என்பதே இதன் பலம். தாய்க்கும் எளிதில் புரியும். அதன் பலவீனத்தை மேலே பார்த்தோம்: குட்டையான குழந்தையையும் மெலிந்த குழந்தையையும் அது பிரித்துக் காட்டாது. கால் வீக்கம் உள்ள குழந்தையின் எடையில் நீரும் சேர்ந்துவிடுவதால் ஆபத்தை மறைக்கவும் செய்யும்.

அதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது. மெலிவும் குட்டையும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருந்தால் இறப்பு அபாயம் மிகவும் கூடும். அப்படிப்பட்ட குழந்தைகள் எல்லாருமே வயதுக்கேற்ற எடையிலும் மைனஸ் 2க்குக் கீழேதான் இருப்பார்கள். எனவே முதல் சல்லடையாக இது நன்றாக வேலை செய்கிறது. சல்லடையில் தங்கிய குழந்தையை அடுத்த அளவுக்கு அனுப்பாமல் விடுவதுதான் தவறு.

எடை பார்க்கும்போது தராசு கெட்டியான சமதளத்தில் இருக்க வேண்டும். பாயின்மேல் வைத்தால் எடை தவறும். தினமும் வேலை தொடங்குமுன் எடை தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். தாயை ஏற்றிப் பூஜ்யமாக்கி, பிறகு குழந்தையைக் கையில் கொடுக்கும் தராசு சிறந்தது. அந்த வசதி இல்லாமல் இரண்டு எடைகளைக் கழித்தால் இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். தண்டை, காப்பு, கொலுசு ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். கழற்ற வீட்டார் விரும்பாவிட்டால் பதிவேட்டில் குறித்துவைத்து, அடுத்த மாதமும் அவற்றோடேயே எடுக்க வேண்டும்.

மாதாமாத எடைக் கூடுதல்

ஒருமுறை எடுத்த எடையைவிட, எடை ஏறுகிறதா என்பது முன்னெச்சரிக்கையாகப் பயன்படும். 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்தக் குறிகாட்டியைத்தான் நம்பியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை சரியாக ஏறாதவர்களுக்கு மட்டும் 90 நாள் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். எல்லாருக்கும் எப்போதும் உணவு என்ற முறைக்கு மாற்றாக வந்த துணிச்சலான வடிவம் அது. குழந்தை எல்லைக்குக் கீழே விழுமுன்பே, சரியத் தொடங்கும்போதே கைகொடுக்க முயன்றது.

இதன் சிக்கல் தராசின் துல்லியத்தில் இருக்கிறது. நடுவான வளர்ச்சியுள்ள ஆண் குழந்தைக்கு 12ஆம் மாதம் 9.6 கிலோ, 24ஆம் மாதம் 12.2 கிலோ. அதாவது மாதத்துக்குச் சராசரியாக 220 கிராமுக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். தராசு 100 கிராமுக்குத்தான் துல்லியம். குழந்தை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலே 200 கிராம் கூடிவிடும். ஆகவே ஒரு வயதுக்குமேல் ஒரு மாத வித்தியாசத்தை வைத்து “எடை ஏறவில்லை” என்று தாயைக் கடிந்துகொள்வது அநியாயம். முதல் ஆறு மாதத்தில் ஏற்றம் வேகமாக இருப்பதால் மாத அளவு பொருந்தும். ஒரு வயதுக்குமேல் மூன்று மாத இடைவெளியில் ஒப்பிடுவதே நம்பத்தக்கது. அதே தராசு, ஏறத்தாழ அதே நேரம் என்பதையும் கடைப்பிடிக்க வேண்டும்.

வயதுக்கேற்ற உயரம்

கருவில் இருந்த காலம் முதல் இரண்டு வயது வரை நடந்தவற்றின் தொகுப்பு உயரம். தாயின் இரத்தசோகை, குறைந்த பிறப்பு எடை, திரும்பத் திரும்ப வந்த வயிற்றுப்போக்கு, இணை உணவு தொடங்கத் தாமதம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். மெதுவாக உருவாகி மெதுவாகவே மாறுவதால் ஒரு மழைக்காலமோ ஒரு காய்ச்சலோ இதை அசைக்காது. அதனால்தான் பொருளியலாளர்களும் திட்டமிடுவோரும் இதை விரும்புகிறார்கள். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளிலும் இதற்குத் தனி இடம் உண்டு. ஒரு மாவட்டம் ஐந்தாண்டில் முன்னேறியதா என்று கேட்டால் பார்க்க வேண்டிய எண் இதுவே.

ஆனால் மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒரு குழந்தைக்கு இது பெரிதாக உதவாது. குட்டையாக இருப்பதற்கு மருந்து இல்லை. குட்டையாக இருந்தும் மெலிவில்லாத நாலு வயதுப் பிள்ளைக்கு எண்ணெயும் சர்க்கரையும் கூட்டிக் கொடுத்தால் உயரத்தைவிட எடைதான் கூடும்.

இதற்கு வயது துல்லியமாக வேண்டும். ஒரு வயதையொட்டி ஆண் குழந்தையின் நடு நீளம் 75.7 செ.மீ.யிலிருந்து அடுத்த மாதம் 76.9 ஆகிறது. அந்த வயதில் ஒரு திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.4 செ.மீ. என்பதால், ஒரு மாத வயதுப் பிழையே முடிவை அரை விலக்கம் நகர்த்திவிடும். “ஒரு வயசு ஆச்சு” என்ற பதிலை எழுதிக்கொள்ளாமல் தடுப்பூசி அட்டையையோ பிறப்புச் சான்றிதழையோ கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பொங்கலுக்கு முன்னா பின்னா, ஆடியிலா ஐப்பசியிலா என்று கேட்டு மாதத்தைக் கண்டறிய வேண்டும்.

உயரத்துக்கேற்ற எடை

இன்றைய ஆபத்தை இது காட்டுகிறது. மைனஸ் 2க்குக் கீழே மெலிவு, மைனஸ் 3க்குக் கீழே கடும் மெலிவு. வயதே தேவையில்லை என்பது பெரிய வசதி. அதிக எடையையும் இதே அளவால் பிடிக்கலாம்; மேலே பிளஸ் 2ஐத் தாண்டினால் அது.

செலவாவது நீளத்தை அளப்பதில்தான். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்குமேல் நிற்கவைத்து உயரம். படுத்த அளவு நின்ற அளவைவிடச் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதல். எனவே இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை நிற்கவைத்து அளந்திருந்தால் 0.7 கூட்ட வேண்டும். பெரிய பிள்ளையைப் படுக்கவைத்து அளந்திருந்தால் 0.7 கழிக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் நீளம் எடுக்க முடியாது. ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பார்வை நேர்மேலே இருக்கும்படி பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி, பாதம் நகரும் பலகையில் முழுதாகப் படியவைத்து, 0.1 செ.மீ. வரை படிக்க வேண்டும். தலையில் ரிப்பனும் உச்சிக்கொண்டையும் இருந்தால் அவிழ்க்க வேண்டும்.

அழும் பிள்ளை முழங்காலை மடக்கும். 87 செ.மீ. பையனுக்கு 85 என்று பதிவானால் என்ன ஆகும்? 85 செ.மீ.க்கு மைனஸ் 3 எல்லை 9.2 கிலோ. 9.3 கிலோ உள்ள அவன் கடும் மெலிவிலிருந்து மிதமான மெலிவுக்கு மாறிவிடுவான். இரண்டு செ.மீ. பிழையால் சிகிச்சை அவன் கைநழுவிப் போகும். ஆகவே இருமுறை அளந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 0.7 செ.மீ.யைத் தாண்டினால் மறுபடி அளப்பது நல்ல நடைமுறை. அந்த ஆறு நாட்டு ஆய்வில் கடைப்பிடித்த வரம்பும் அதுவே.

மேல்கைச் சுற்றளவு

சிவப்பு, மஞ்சள், பச்சை நிறமிட்ட டேப். 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே கடும் ஊட்டக்குறைவு, 11.5 முதல் 12.5க்குக் கீழ் வரை மிதமானது, 12.5க்கு மேல் பச்சை. தராசும் பலகையும் அட்டவணையும் வேண்டாம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போகலாம். கை மெலிவது தசை கரைவதைக் காட்டுவதால், இறக்கும் அபாயமுள்ள குழந்தைகளைச் சமூக அளவில் அடையாளம் காண்பதில் இது உயரத்துக்கேற்ற எடையை மிஞ்சுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆறு மாதம் ஆகிவிட்டதா என்று தெரியாத இடத்தில் 65 செ.மீ. நீளத்தை அடையாளமாகக் கொள்வதுண்டு. ஆறு வாரம் முதல் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்கு 11.0 செ.மீ. என்ற எல்லையை உலக சுகாதார நிறுவனம் 2023 வழிகாட்டுதலில் சேர்த்தது.

அளக்கும் விதம் எளிது, ஆனால் கவனம் வேண்டும். இடது கைச் சட்டையைக் கழற்றி, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் குறி வைக்கவும். பிறகு கையைத் தொங்கவிட்டு, குறியின்மேல் டேப்பைச் சுற்றவும். தோலில் பள்ளம் விழும் அளவுக்கு இறுக்கினால் பச்சை மஞ்சளாகும். டேப்புக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் சிவப்புக் குழந்தை மஞ்சளில் போய்விடும். மடக்கிய கையிலேயே அளந்தால் தசை புடைத்து அளவு கூடும். நிறத்தை மட்டும் எழுதாமல் மில்லிமீட்டரையும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் தேறியதா என்று சொல்ல வழியில்லை.

தாய்மாரிடமே டேப்பைக் கொடுக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. நைஜரில் நடந்த ஆய்வுகளில் தாய்மாரின் அளவு பயிற்சிபெற்ற பணியாளர்களின் அளவோடு நன்றாகவே ஒத்துப்போனது. நடுக்குறி வைக்காமல் கண்ணளவில் அளந்தும் பெரிய பிழை வரவில்லை. அருகில் மையம் இல்லாத மலைக்கிராமங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

எந்த அளவைத் தேர்ந்தாலும் கால் வீக்கச் சோதனையை விடக்கூடாது. இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுக்கவும். இரண்டிலும் குழி நின்றால், டேப் பச்சை காட்டினாலும், தராசு என்ன சொன்னாலும், அது கடும் ஊட்டக்குறைவுதான். ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தால் காரணம் வேறாக இருக்கும்.

டேப்பும் அட்டவணையும் முரண்பட்டால்

மெலிவைப் பிடிக்கும் இந்த இரண்டும் ஒரே குழந்தைகளைப் பிடிப்பதில்லை. டேப் சிறிய, குட்டையான குழந்தைகளை அதிகம் பிடிக்கும். காரணம், 11.5 என்ற எல்லை வயதுக்கேற்ப மாறாது. சிறு கை சிறு வயதில் இயல்பு. உயரத்துக்கேற்ற எடை வயது கூடிய, கால் நீண்ட பிள்ளைகளை அதிகம் பிடிக்கும். ஆகவே “டேப்பில் பச்சை வந்தது, அட்டவணையில் சிவப்பு வந்தது, எதோ தவறு” என்று பதிவேட்டைத் திருத்துவது பெரிய தவறு. முதலில் மறுபடி அளக்கவும். இரண்டும் உறுதியானால், இரண்டில் ஒன்று கடும் நிலையைக் காட்டினாலே சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையை முடிப்பதிலும் ஒரு விதி உண்டு. எந்தக் குறிகாட்டியால் சேர்த்தோமோ அதே குறிகாட்டியால்தான் வெளியே அனுப்ப வேண்டும்: டேப்பால் சேர்த்த பிள்ளை 12.5 செ.மீ.யை எட்ட வேண்டும். உயரத்துக்கேற்ற எடையால் சேர்த்த பிள்ளை மைனஸ் 2ஐ எட்ட வேண்டும். இரண்டு வாரம் வீக்கம் இல்லாமலும் இருக்க வேண்டும். சேர்த்த எடையில் 15 சதவீதம் கூடினால் அனுப்பிவிடலாம் என்ற பழைய கணக்கை 2013இல் உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது. அந்தக் கணக்கில் மிகவும் மெலிந்து வந்த பிள்ளை, இன்னும் மெலிந்த நிலையிலேயே வீட்டுக்குப் போய்விடும்.

ஊர்க்கணக்கு எடுப்பவர்களுக்கு

தனிக் குழந்தையை விட்டு மாவட்டத்தையோ மாநிலத்தையோ பார்க்கும்போது எண்கள் வேறு விதமாக நடந்துகொள்ளும். தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றுக்கும் (2015-16) ஐந்தாம் சுற்றுக்கும் (2019-21) இடையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வளர்ச்சி குன்றியவர்கள் (வயதுக்குக் குட்டையானவர்கள்) 27.1 சதவீதத்திலிருந்து 25.0க்கு வந்தார்கள், மெலிவு 19.7இலிருந்து 14.6க்கு இறங்கியது, எடைக்குறைவு 23.8இலிருந்து 22.0. எடைக்குறைவை மட்டும் பார்ப்பவருக்கு ஏறத்தாழ ஒன்றுமே நடக்கவில்லை. மெலிவை மட்டும் பார்ப்பவருக்குப் பெரிய வெற்றி. ஆனால் மெலிவு மழை, நோய், வேலையில்லாத மாதங்கள் ஆகியவற்றோடு ஏறி இறங்குவது. ஒரே பருவத்தில் எடுத்த இரண்டு கணக்குகளை ஒப்பிட்டால்தான் அந்த வெற்றியை நம்பலாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வகுத்த தரவரிசையில் மெலிவு 15 சதவீதத்தை எட்டினால் “மிக அதிகம்”. 14.6 அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. கொண்டாட இன்னும் நேரம் வரவில்லை.

சிகிச்சை உணவு எவ்வளவு வாங்குவது என்று கணக்கிடும்போதும் மெலிவு ஏமாற்றும். ஒரு நாள் ஆய்வில் அகப்படுபவர்கள் அன்று மெலிந்திருந்தவர்கள் மட்டுமே. ஆண்டு முழுவதும் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். அதனால் பல நாட்டுத் திட்டங்களில் ஆய்வு எண்ணிக்கையை 2.6ஆல் பெருக்கி ஆண்டுத் தேவையைக் கணக்கிட்டு வந்தார்கள். இந்தப் பெருக்கெண் இடத்துக்கு இடம் மாறும். உள்ளூர்ப் பதிவேடு இருந்தால் அதையே நம்புவது மேல்.

ஆய்வில் அளப்பவரின் கவனக்குறைவு குறைபாட்டைப் பெருக்கிக் காட்டும் என்பது பலருக்கும் புதிய செய்தி. கூட்டல் பிழையும் கழித்தல் பிழையும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்று நினைக்கிறோம். சராசரிக்கு அது சரி, எல்லைக்குக் கீழே நிற்கும் வால்பகுதிக்குச் சரியல்ல. ஓர் ஊரில் உயரத்துக்கேற்ற எடையின் சராசரி மைனஸ் 1, பரவல் (அதாவது திட்ட விலக்கம்) 1 என்றால் மைனஸ் 2க்குக் கீழே இருப்போர் 16 சதவீதம். மைனஸ் 3க்குக் கீழே 2.3 சதவீதம். அதே ஊரில் அதே குழந்தைகளை அலட்சியமாக அளந்து பரவல் 1.3 ஆகிவிட்டால் முதல் எண் 22 ஆகும், இரண்டாவது எண் 6.2 ஆகும். ஒரு குழந்தைகூட மெலியாமலே கடும் மெலிவு இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிடும். எனவே எந்த ஆய்வறிக்கையைக் கையில் எடுத்தாலும் சதவீதத்துக்கு முன்பு பரவலைப் பாருங்கள். உயரத்துக்கேற்ற எடைக்கு அது 0.8க்கும் 1.2க்கும் நடுவே இருக்க வேண்டும்.

உலகப் பட்டினிக் குறியீடு பற்றிய வாதங்களிலும் இதே குழப்பம் உண்டு. அதன் நான்கு கூறுகளில் மூன்று குழந்தைகளைப் பற்றியவை: வளர்ச்சி குன்றல், மெலிவு, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு. நான்காவதுதான் முழு மக்கள்தொகையின் உணவுப் போதாமை. அந்த ஒற்றை எண்ணை வைத்து எந்த ஊருக்கு என்ன அனுப்புவது என்று யாரும் முடிவெடுக்க முடியாது. அதைப் பிரித்து வைத்தால் முடியும்.

எதை எப்போது

வீடுவீடாகப் போய் ஆபத்தான குழந்தையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் டேப்பும் கால் வீக்கச் சோதனையும் போதும். மையத்துக்கு வந்த குழந்தைக்கு நீளமும் எடையும் எடுத்து உயரத்துக்கேற்ற எடையையும் பார்க்க வேண்டும். அங்கன்வாடியில் போஷன் டிராக்கர் செயலி எடைக்குறைவு, குட்டை, மெலிவு ஆகிய மூன்று நிலைகளையும் தானே கணக்கிட்டுவிடுவதால் சிக்கல் கணக்கில் இல்லை, உள்ளே போகும் அளவில்தான். தாய்க்கு ஆலோசனை சொல்ல, ஒரு வயதுக்குள் மாத எடையும் அதற்குமேல் மூன்று மாத ஏற்றமும் நல்லவை. மாவட்டத் திட்டத்தை மதிப்பிட வயதுக்கேற்ற உயரம், அதுவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. ஒரே ஆண்டில் அது குறைந்துவிட்டதாகச் சொல்லும் அறிக்கையைச் சந்தேகிக்கவும். வெள்ளம், வறட்சி, இடப்பெயர்வு போன்ற நேரத்தில் டேப்பை முதலில் எடுக்கவும், பலகை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதில் எதைத் தேர்ந்தாலும் அளப்பவரின் வேலைத்திறனை அதே எண்ணால் மதிப்பிடாதீர்கள். “உங்கள் மையத்தில் மட்டும் ஏன் இத்தனை சிவப்பு?” என்று கூட்டத்தில் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து டேப் சற்றுத் தளரும், 11.4 மெல்ல 11.6 ஆகும். மேற்பார்வையாளர் வரும்போது பதிவேட்டில் எல்லையை ஒட்டி மேலே நிற்கும் நாலைந்து குழந்தைகளைத் தேர்ந்து, பழைய அளவைப் பார்க்காமல் தன் கையால் மறுபடி அளக்கட்டும். கைச்சுற்றளவில் 5 மில்லிமீட்டருக்குள், எடையில் 100 கிராமுக்குள் ஒத்துப்போனால் அந்த மையத்தின் எண்களை நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் தராசையும் டேப்பையும் மாற்றிப் பாருங்கள், பிறகு பணியாளரோடு உட்கார்ந்து சேர்ந்து அளந்து பாருங்கள்.